கட்டுரை எங்கே சறுக்குகிறது: தொலைக்காட்சி அங்கம் ஒன்றைப் பற்றி ஆய்வு எழுதுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பில் ஊடகக் கற்கையோ ஆங்கில இலக்கியமோ பயில்கின்ற மாணவர்கள், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ஒரேயோர் அங்கத்தை எடுத்து 3000 சொற்களில் ஆய்வுக் கட்டுரை எழுதும் ஒப்படை கிடைத்தவுடன் மகிழ்ந்துபோவதும், கையளிக்க மூன்று நாள் இருக்கையில் வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டு விறாந்தையில் வந்து அமர்வதும் வழக்கமாகிவிட்டது. “சேர், மூன்று தரம் பார்த்திட்டன், எழுத ஒன்றும் வருகுதில்லை” என்பதுதான் பெரும்பாலும் முதல் வாக்கியம். வரைவை வாங்கிப் படித்தால் கோளாறு எழுத்தில் இருப்பது குறைவு. பார்த்த விதத்திலேயே அது தொடங்கியிருக்கும். எந்தப் பிரதியைப் பார்த்தோம், அதில் எந்த நிமிடத்தில் என்ன தெரிந்தது என்பதைக் குறித்துவைக்காமல் எழுதத் தொடங்கிய கட்டுரை ஏதாவதோர் இடத்தில் சறுக்கியே தீரும்.

கீழே உள்ளவை அப்படிச் சறுக்கும் இடங்கள். உங்கள் வரைவில் தென்படும் அறிகுறி எதுவோ அங்கிருந்து வாசிக்கலாம். எடுத்துக்காட்டு ஒன்றாகவே இருக்கட்டும் என்பதற்காக, மாணவர்கள் அதிகம் தெரிவுசெய்யும் அங்கம் ஒன்றையே எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறேன். ‘த ட்வைலைட் ஸோன்’ தொடரின் முதற் பருவத்தில் 22ஆவது அங்கமாக, 1960 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் அலைவரிசையில் ஒளிபரப்பான ‘த மொன்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஒன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ என்பதே அது. எழுதியவர் ரொட் சேர்லிங். இயக்கியவர் ரொன் வின்ஸ்டன். அமைதியான தெருவொன்றின் மேல் ஒளிக்கீற்று ஒன்று பறந்துபோகிறது, மின்சாரம் நின்றுவிடுகிறது, கார்கள் கிளம்ப மறுக்கின்றன, இரவு முடிவதற்குள் அயலவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் நடத்திப் பார்த்தவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் என்பது முடிவில் தெரியவருகிறது. கருப்பு வெள்ளையில் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும் அங்கம் இது.

அறிகுறி: கட்டுரை முழுவதும் கதைச்சுருக்கமாகவே இருக்கிறது

இதுவே மிகப் பரவலான கோளாறு என்பதால் இதில் சற்று நேரம் நிற்போம். சோதிப்பது எளிது. ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியத்தையும் தனித் தாளில் எழுதுங்கள். அவற்றை ‘பிறகு’ என்ற சொல்லால் இணைத்து வாசிக்க முடிந்தால் உங்களிடம் இருப்பது கதைச்சுருக்கம். ‘ஆகையால்’, ‘இருப்பினும்’ போன்ற சொற்கள் இல்லாமல் இணைக்க முடியவில்லை என்றால் அங்கே வாதம் ஒன்று இருக்கிறது.

இந்தக் கோளாறின் வேர் கருதுகோளில் உள்ளது. “இந்த அங்கம் சந்தேகத்தின் தீமையைக் காட்டுகிறது” என்று ஒருவர் எழுதினால், அதை மறுக்க யாரும் இல்லை. மறுப்பார் இல்லாத கூற்றுக்குச் சான்று தேவைப்படாது. சான்று தேவைப்படாதபோது மீதிப் பக்கங்களை நிரப்பக் கதையைத் தவிர வேறு வழி கிடையாது. திருத்துவதற்கு அங்கத்தை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். வசனம் போய்விட்டால் கண்ணுக்கு வேலை வரும். அப்படிப் பார்த்த மாணவி ஒருவர் தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தவை நான்கே வரிகள்: தெருவாசி லெஸ் குட்மனின் கார் யாரும் தொடாமல் கிளம்புகிறது, கூட்டம் அவர் வீட்டை நோக்கித் திரும்புகிறது, அயலவரான சார்லியின் வீட்டில் விளக்கு எரிகிறது, கூட்டம் சார்லியை நோக்கித் திரும்புகிறது.

இந்த நான்கு வரியில் ஒரு கட்டுரை இருக்கிறது. வேறு கதைகளில் இருட்டு அச்சம் தரும், விளக்கு காப்பாற்றும். மேப்பிள் ஸ்ட்ரீட்டில் அது தலைகீழாகி, இருட்டில் இருப்பவர் குற்றமற்றவராகவும் விளக்கு எரிகின்ற வீட்டுக்காரர் குற்றவாளியாகவும் ஆகிவிடுகிறார். இன்னொரு தெருவாசியான ஸ்டீவ் தன் வீட்டில் வைத்திருக்கும் வானொலிக் கருவியும் இதே காரணத்தால்தான் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. “இத்தெருவில் எது இயங்குகிறதோ அதுவே குற்றத்தின் சான்றாகிறது” என்று கருதுகோளை எழுதிவிட்டால் அதை ஒருவர் மறுக்கலாம், நீங்கள் நிறுவ வேண்டும், பந்திகள் தாமாகவே ‘ஆகையால்’ என்று தொடங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, ஒழுங்கை முழுக்க இருண்டிருக்க ஜெனரேட்டர் உள்ள ஒரு மாடிவீடு மட்டும் ஒளிர்ந்ததை நாம் எந்தக் கண்ணால் பார்த்தோம் என்பதை நினைத்துக்கொண்டால், கொழும்பு மாணவருக்கு இந்தக் கருதுகோளை விளக்க வேண்டிய தேவையே இராது. ஆனால் அந்த நினைவு குறிப்பேட்டில் இருக்கட்டும். கட்டுரைக்குள் அதற்கு இடமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருதுகோள் கிடைத்த மகிழ்ச்சியில் அதற்கு ஒத்துவராத காட்சியை விட்டுவிடும் பழக்கம் நல்ல மாணவர்களிடமும் உண்டு. லெஸ் குட்மன் மீது வைக்கப்படும் இன்னொரு குற்றச்சாட்டு, அவர் நள்ளிரவில் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறார் என்பது. தூக்கம் வராத மனிதர் அவர். இதில் இயந்திரமும் இல்லை, விளக்கும் இல்லை. மேற்சொன்ன கருதுகோள் இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது. அதை மறைக்காமல் ஒரு பந்தி ஒதுக்கி, ‘இயங்குவது’ என்பதைப் ‘பிறர் உறங்கும்போது விழித்திருப்பது’ வரை விரிக்கலாமா, அல்லது கருதுகோளை ஓரளவு சுருக்க வேண்டுமா என்று எழுதுங்கள். புள்ளி வழங்குபவர் முதலில் தேடிப் படிக்கும் பந்தி அதுவாகவே இருக்கும். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

அறிகுறி: நீங்கள் விவரிக்கும் காட்சி விரிவுரையாளர் பார்த்த அங்கத்தில் இல்லை

சென்ற ஆண்டு ஒரு வரைவில், தெருவாசிகளைச் சோதித்தவர்கள் இராணுவத்தினர் என்று முடிவு எழுதப்பட்டிருந்தது. மாணவர் பொய் சொல்லவில்லை; அவர் பார்த்தது வேறு அங்கம். 2002இல் தொடங்கிய மறுவரவுத் தொடரில் இதே கதை ‘டியூ’ என்ற சொல் நீங்கிய தலைப்போடு 2003இல் மீண்டும் எடுக்கப்பட்டது. அதில் வேற்றுக்கிரகவாசிகள் இல்லை, அமெரிக்க இராணுவத்தினரே பரிசோதனை செய்கிறார்கள். வண்ணத்தில் பார்த்தீர்களானால் நீங்கள் பார்த்தது அதுவே.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது எழுத்துப் பிரதிகளால் வரும் குழப்பம். இக்கதையின் நாடக வடிவம் அமெரிக்கப் பாடநூல்களில் நீண்ட காலமாக இடம்பெற்று வருகிறது. சேர்லிங் தாமே இதைச் சிறுகதையாகவும் எழுதி, 1960இல் வெளியான தொகுப்பு ஒன்றில் சேர்த்தார். இணையத்தில் தேடினால் அங்கத்துக்கு முன்பாகக் கைக்கு வருவது இவற்றில் ஒன்றாகவே இருக்கும். திரைக்காட்சியைப் பற்றி எழுதும்போது பாடநூல் வடிவத்தின் மேடைக்குறிப்பை மேற்கோள் காட்டுவது, சமையலைச் சுவைக்காமல் செய்முறைத் தாளை வைத்துப் புள்ளி போடுவது போன்றது. எழுத்து வடிவத்தைப் பயன்படுத்தக்கூடாது என்பதில்லை. பயன்படுத்தினால் அது தனிச் சான்று என்று சொல்லி, திரையிலுள்ளதோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். பல வேளைகளில் அந்த வேறுபாட்டிலிருந்தே நல்ல பந்தி ஒன்று பிறக்கும்.

அறிகுறி: காட்சி சரி, நிமிடக் கணக்கு பிழை

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். முதுமாணிப் படிப்பில் நான் கையளித்த கட்டுரையில் இருந்த நேரக் குறிப்புகள் அனைத்தையும் பரீட்சகர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். கட்டுரையின் தொடக்கத்தில் ஓரிரு செக்கனாக இருந்த வித்தியாசம், பின்னே போகப் போக வளர்ந்து முக்கால் நிமிடமாகியிருந்தது. கவனக்குறைவாக எழுதியிருந்தால் பிழை அங்குமிங்குமாக இருந்திருக்கும். சீராக வளரும் பிழைக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

காரணம் இறுவட்டில் இருந்தது. படச்சுருளில் எடுக்கப்பட்ட தொடர்கள் செக்கனுக்கு 24 சட்டகங்கள் என்ற வேகத்தில் ஓடுபவை. இலங்கையிலும் ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும் வழங்கிய ‘பால்’ (PAL) எனப்படும் ஒளிபரப்பு முறையோ செக்கனுக்கு 25 சட்டகங்கள் கேட்பது. ஆகவே அம்முறைக்கான இறுவட்டுகளில் படத்தைச் சற்றே விரைவுபடுத்திப் பதிவது வழக்கமாக இருந்தது. 25 நிமிடம் ஓட வேண்டியது 24 நிமிடத்தில் முடிந்துவிடும். இணையவழிப் பிரதியில் 20ஆம் நிமிடத்தில் வருகின்ற காட்சி இறுவட்டில் 19 நிமிடம் 12 செக்கனிலேயே வந்துவிடும். பாத்திரங்களின் குரலும் மிகச் சிறிதளவு கூர்மையாகக் கேட்கும், ஆனால் ஒப்பிட்டுக் கேட்டால் மட்டுமே தெரியும்.

உங்கள் பிழை எந்த வகை என்று அறிய, தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரண்டு காட்சிகளின் நேரத்தை இரு பிரதிகளிலும் குறித்துப் பாருங்கள். வித்தியாசம் சீராக வளர்ந்தால் வேக மாற்றம். எங்கும் ஒரே அளவாக இருந்தால் முன்னால் விளம்பரமோ அறிமுகமோ ஒட்டப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் திடீரெனத் தாவினால் அங்கே காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. மறுஒளிபரப்புகளில் விளம்பரத்துக்கு இடம் தேடி வெட்டுவது பல நாடுகளில் நடந்த வழக்கம். எந்த வகையாக இருந்தாலும் திருத்தம் ஒன்றுதான்: ஒரு பிரதியைத் தெரிவுசெய்து, அது எது என்பதை முதற் பக்க அடிக்குறிப்பில் எழுதி, எல்லா நேரக் குறிப்புகளையும் அதிலிருந்தே எடுங்கள்.

அறிகுறி: வரலாற்றுப் பின்னணிப் பந்தியில் ஆண்டுகள் முட்டிக்கொள்கின்றன

“மக்கார்த்தியின் வேட்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்த அங்கம் ஒளிபரப்பானது” என்ற வாக்கியத்தை எத்தனை வரைவுகளில் வெட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்தவர்களை வேட்டையாடிய செனற்றர் ஜோசப் மக்கார்த்தியை அமெரிக்க செனற் சபை கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது 1954 டிசம்பரில். அவர் இறந்தது 1957 மே மாதத்தில். 1960 மார்ச்சில் ஒளிபரப்பான அங்கம் அந்தக் காலத்தின் நினைவோடு பேசுகிறது என்று எழுதலாம், அந்தக் காலத்துக்குள் நின்று பேசுகிறது என்று எழுத முடியாது. இதைவிட வேடிக்கையானது அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம். சோவியத் வான்பரப்பில் அது சுட்டு வீழ்த்தப்பட்ட செய்தியால் எழுந்த அச்சமே இந்த அங்கத்துக்குத் தூண்டுதல் என்று ஒருவர் எழுதியிருந்தார். விமானம் வீழ்ந்தது 1960 மே 1 அன்று, அதாவது அங்கம் ஒளிபரப்பாகி எட்டு வாரங்கள் கழித்து. வானத்தைப் பார்த்து அஞ்சியதற்கு முன்னிகழ்வு வேண்டுமானால் 1957 ஒக்டோபரில் ஏவப்பட்ட சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் இருக்கிறது.

ஒரு தாளில் கோடு ஒன்றை வரைந்து நடுவில் ஒளிபரப்பு நாளைக் குறித்து, நீங்கள் எடுத்தாளும் நிகழ்வுகள் கோட்டின் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பாருங்கள். வலப்பக்கம் விழுபவை ‘காரணம்’ ஆக மாட்டா. பின்வந்த பார்வையாளர் அங்கத்தை எப்படி வாசித்தார் என்பதற்கே அவை உதவும்.

பின்னணி தேடுவோர் அரசியலோடு நின்றுவிடாமல் தொலைக்காட்சி வணிகத்தையும் தொட வேண்டும். எமெட் டில் என்ற கறுப்பினச் சிறுவன் 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்டதைத் தழுவிச் சேர்லிங் எழுதிய தொலைக்காட்சி நாடகம், விளம்பர அனுசரணையாளருக்கு அஞ்சி அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றப்பட்டு 1956இல் ஒளிபரப்பானது. நேரடியாகச் சொல்ல விடாதவர்கள் வேற்றுக்கிரகவாசியின் வாயால் சொல்வதைத் தடுக்கவில்லை என்பதை அவர் அதன் பின்னர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். ‘ஏன் அறிவியற் புனைவு’ என்ற கேள்விக்கு இதைவிட உறுதியான பதில் மாணவர் கட்டுரைகளில் அரிதாகவே கிடைக்கிறது.

அறிகுறி: நான்காம் பக்கத்துக்குப் பிறகு அங்கமே காணாமல் போகிறது

நம் ஊர்ப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்; கேட்கவே தேவையில்லை. வதந்தி, இருட்டு, தெருவில் கூட்டம், வீட்டை அடையாளம் காட்டும் விரல் என்று வந்துவிட்டால் 1983 ஜூலையின் தமிழர் எதிர்ப்பு வன்முறை வராமல் இராது. எங்கள் ஒழுங்கையிலும் அந்த நாட்களைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆகவே அதை எழுதாதே என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் ஆய்வு முறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: ஒப்பீடு அங்கத்தைப் பற்றிப் புதிதாக எதையாவது காட்டுகிறதா? மேப்பிள் ஸ்ட்ரீட்டில் கூட்டத்துக்குப் பட்டியல் இல்லை, தலைமை இல்லை, பொலிஸ் இல்லை. அயலவர் அயலவரையே தேர்ந்தெடுக்கிறார். கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள் என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்டது. இரண்டையும் ஒன்று என்று எழுதினால் இரண்டுக்கும் அநியாயம் செய்கிறோம். வேறுபாட்டை எழுதினால், அரசும் அமைப்பும் திரையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டுள்ளன என்ற முக்கியமான கவனிப்பு கிடைக்கும். அது ஒரு பந்திக்கு உரியது, நான்கு பக்கத்துக்கு உரியதன்று.

அறிகுறி: உசாத்துணையில் உள்ள கட்டுரை எங்கும் கிடைக்கவில்லை

செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலியிடம் கேட்டு வாங்கிய உசாத்துணை என்றால், முதலில் அக்கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், ஆய்விதழும் உண்மையாக இருக்கும், அந்தத் தொகுதியின் அந்தப் பக்கத்தில் வேறொருவரின் கட்டுரை இருக்கும். உங்கள் கையில் திறந்து படிக்க முடியாத எதையும் பட்டியலில் வைக்காதீர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உள்ளூர்த் தொலைக்காட்சி நாடகமொன்றைத் தெரிவுசெய்தவர்களுக்குச் சிக்கல் வேறு விதமானது. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது, ரூபவாஹினி 1982இல் வந்தது. ஆனாலும் பழைய தமிழ் நாடகங்களுக்கு முறையான அங்கப் பட்டியலைத் தேடிப்பிடிப்பது கடினம். யூடியூபில் காணும் திகதி பதிவேற்றிய நாள், ஒளிபரப்பு நாள் அன்று. சரியான நாளை அறிய, அக்காலத்து வீரகேசரியிலோ தினகரனிலோ வெளியான நிகழ்ச்சி நிரலைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் எடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டுசெல்லுங்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

அறிகுறி: மேற்கோள் தமிழில் ஒருவிதமாக ஒலிக்கிறது

தானியங்கித் துணைத்தலைப்பை நம்பி வசனத்தை எடுத்தால் பெயர்கள் சிதையும், மறுப்புச் சொல் விழுந்து பொருளே தலைகீழாகும். காதால் கேட்டு எழுதி, பின்னர் நீங்களே மொழிபெயர்த்து, ‘மொழிபெயர்ப்பு கட்டுரையாளருடையது’ என்று ஒரு தடவை குறிப்பிட்டால் போதும். மூல வசனத்தை அடிக்குறிப்பில் தருவது நல்லது. சேர்லிங்கின் தொடக்க உரையில், கர்ச்சனையும் ஒளியும் தோன்றும் கணத்தில் நேரம் சரியாக மாலை 6.43 என்று சொல்லப்படுகிறது. இதை ‘மாலை வேளையில்’ என்று மொழிபெயர்த்திருந்த மாணவர், வானொலி அறிவிப்பாளர் நேரம் சொல்வது போன்ற அந்தத் தொனியையே இழந்துவிட்டார்.

அறிகுறி: மேற்கோள் முறை பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையின் ஏழாம் பதிப்பில் அங்கத்தை எழுதியவரும் இயக்கியவரும் ஆசிரியர் இடத்தில் வருவார்கள், தொடரின் நிறைவேற்றுத் தயாரிப்பாளர் பின்னால் வருவார். நவீன மொழிச் சங்கத்தின் எம்எல்ஏ முறையில் பெரும்பாலும் அங்கத்தின் தலைப்பே முதலில் வரும். (எம்எல்ஏ என்றதும் சட்டசபை உறுப்பினரை நினைத்துச் சிரிப்பவர்கள் தமிழ்நாட்டுத் தொடர்களை அளவுக்கு மீறிப் பார்க்கிறார்கள்.) கட்டுரைக்குள் பக்க எண்ணுக்குப் பதிலாக நேரக் குறிப்பு வரும். எந்த முறை என்பதைத் துறை தீர்மானிக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு ஒன்றையே பின்பற்றுங்கள்.

அறிகுறி: அச்சுப்பிரதியில் ‘ஊடீளு’ என்று ஒரு சொல் வந்திருக்கிறது

இது வேற்றுக்கிரக மொழி அன்று, சிபிஎஸ் தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது, நடுவில் ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்களையும் மாற்றும் செயலி பாமினி என்றே எடுத்துக்கொண்டு தமிழாக்கிவிடும். ‘பிபிசி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘டீடீஊ’ வருவதும் இதனால்தான். மாற்றாமல் பாமினியிலேயே கையளித்தாலும் தப்ப முடியாது, கருத்துத்திருட்டைச் சோதிக்கும் மென்பொருளுக்கு உங்கள் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள். ஏற்கெனவே பாமினியில் எழுதி முடித்துவிட்டீர்களானால், தமிழ்ப் பந்திகளை மட்டும் தெரிந்தெடுத்து மாற்றி, ஆங்கிலப் பெயர்களைப் பின்னர் கையால் சேருங்கள். அச்செடுக்கப் போகுமுன் கோப்பைப் பிடிஎப் ஆக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒழுங்கை முனைக் கொமியூனிகேஷன் கடையின் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.